ஆமா என்றுதான் சொன்னேன்

ஜூலை 13, ஞாயிறு

செயற்குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். வந்து இரண்டு மணி நேரமாகியும் கோபம் தணியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பாரில் இருக்கும் இந்தத் தமிழர் சீனர் நட்புறவுக் கழகத்தில் நான் சேர்ந்தது தமிழ் சொல்லிக்கொடுக்க. பணி ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவளை இரும்புக்கடை லோ வந்து கூப்பிட்டார். அவர்தான் துணைத்தலைவர். சனிக்கிழமை மாலை வகுப்பு, ஆறு சீனர்கள் படிக்கிறார்கள். மருந்துக்கடைக்காரருக்கு 'ழ' வராது. பரவாயில்லை, அரசு கொடுத்த டத்தோ பட்டத்தோடு திரியும் எங்கள் தலைவர் தணிகைவேலுக்கும் வராது. மற்றபடி கழகம் என்ன செய்கிறது என்றால், பொங்கலுக்குச் சிங்க நடனம், சீனப் புத்தாண்டுக்கு உறுமி மேளம், இரண்டுக்கும் நடுவில் ஏராளமான புகைப்படம்.

இன்று ஆகஸ்டு மாத 'நட்பு மாலை' பற்றிப் பேச்சு. குத்துவிளக்கை யார் யார் ஏற்றுவது என்று டத்தோ வாசித்தார். ஐந்து முகம். தமிழர் சார்பில் இரண்டு பேர், சீனர் சார்பில் இரண்டு பேர், ஐந்தாவது சட்டமன்ற உறுப்பினருக்கு. சீனர் சார்பில் முதல் பெயர், திருமதி அமிர்தம். அதாவது நான்.

"நான் எப்ப டத்தோ சீனர் சார்புல போனேன்?" என்று கேட்டேன்.

"டீச்சர், நீங்கதான் நம்ம கழகத்தோட சொத்து. முகம் அங்க, நாக்கு இங்க. பாக்கிறவங்களுக்கு ஒரே பார்வையில விளங்கிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லோ மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளங்குவதற்கு என்ன இருக்கிறது? 1962, புலி வருடம். புலி வருடத்துப் பெண் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு சீனக் குடும்பம் பிறந்த சில நாளிலேயே மருத்துவச்சியிடம் கொடுத்துவிட்டது. மருத்துவச்சி என்னை ரப்பர் தோட்டத்து லயத்தில் பால்மரம் வெட்டிய மூக்காயியிடம் கொடுத்தாள். இந்தப் பேராக் மாநிலத்தில் என்னைப் போல் எத்தனையோ பேர். மூக்காயிதான் என் அம்மா. வீரையாதான் என் அண்ணன். எனக்குச் சீனத்தில் ஒரு சொல் தெரியாது. என் முகத்தைக் காலையில் பல் துலக்கும்போது பார்ப்பதோடு சரி, அதற்குமேல் அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

விளக்கு ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

டத்தோ கைப்பேசியில், புலனத்தில் மூன்று கும்பிடு பொம்மை அனுப்பியிருக்கிறார். பதில் போடவில்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு

அந்த டத்தோ என்ன செய்திருக்கிறான் தெரியுமா. இனி 'அவர்' கிடையாது, இந்தப் பக்கத்திலாவது.

என் புகைப்படத்தைச் சீனப் பத்திரிகையில் போட்டிருக்கிறான். போன தீபாவளிக்கு எடுத்தது, மயில் பச்சைப் புடவையில். தோட்டத்தின் பெயர், மருத்துவச்சியின் பெயர், புலி வருடம், எல்லாம் போட்டு 'இந்தத் தமிழ்ப் பாட்டியின் சீனக் குடும்பம் எங்கே' என்று தலைப்பு. நேற்று வகுப்பில் மருந்துக்கடைக்காரர் வெகு சந்தோஷமாக எடுத்துக் காட்டினார். பாட்டியாம்.

போன் போட்டுக் கத்தினேன். "நல்ல மனசோடதான் செஞ்சேன் டீச்சர்" என்றான். நல்ல மனசு இருப்பவர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்பார்கள். நான் என்ன தொலைந்துபோன மாடா, விளம்பரம் கொடுத்துச் சொந்தக்காரனைத் தேட?

என் சம்மதம் இல்லாமல் யாரையும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது என்று சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டு 11, திங்கள்

லோ கடைக்கு யாரோ ஆ செங் என்பவர் வந்து பத்திரிகையைக் காட்டி என்னை விசாரித்தாராம். மருத்துவச்சி பெயரும் தோட்டத்துப் பெயரும் பொருந்துகின்றனவாம். அவருக்கு நான் அக்கா முறையாம். ஆளின் படத்தை லோ போனில் காட்டினார். நான் சரியாகப் பார்க்கவில்லை. மூக்கு என்னுடையது. யாரைக் கேட்டு வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை.

"அந்தக் கெளவி இன்னும் உசுரோட இருக்கு டீச்சர். உன்னைப் பெத்தது" என்றார் லோ. லோவின் தமிழ் தோட்டத்து ஆட்களிடம் கற்றது. அதில் மரியாதைப் பன்மை கிடையாது, அவர் மனதில் உண்டு.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

ஆகஸ்டு 30, சனி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

நட்பு மாலைக்குப் போக எனக்கு விருப்பமே இல்லை. என் மாணவர்கள் ஆறு பேரும் ஆத்திசூடி ஒப்பிக்கிறார்கள், அதற்காகப் போனேன். நன்றாகச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் 'ழ'கரத்தில் வழுக்கினாலும் எழுந்துவிட்டார். அவர்களோடு படம் எடுக்க மேடைக்கு வாருங்கள் டீச்சர் என்று கூப்பிட்டார்கள், ஏறினேன். மாணவர்கள் இறங்கினார்கள், என்னை மட்டும் டத்தோ கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டான்.

"அறுபத்து மூணு வருசத்துக்கு அப்புறம்" என்று மைக்கில் ஆரம்பித்தான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மேடையின் மறுபக்கத்திலிருந்து என் மூக்கை வைத்திருக்கும் அந்த ஆள் ஒரு கிழவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பூப்போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய நரைமுடி. சத்தியத்தையா கேட்கிறீர்கள், அதை டத்தோ வடையோடு சேர்த்துத் தின்றுவிட்டான்.

இறங்கிப் போயிருப்பேன். கீழே நானூறு பேர், முன் வரிசையில் என் மாணவர்கள். நின்றேன்.

கிழவி என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள். லோ மொழிபெயர்த்தார். "உனக்கு அந்த வீட்டுல நல்லா சோறு போட்டாங்களான்னு கேக்குது."

என்ன கேள்வி இது. மீனில் நடுத்துண்டை என் தட்டில் போட்டுவிட்டுத் தான் குழம்பை ஊற்றிக்கொண்டவள் மூக்காயி. அதை இவளுக்கு நான் விளக்க வேண்டுமா? "ஆமா" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். மைக் என் வாய்க்கு நேராக இருந்தது.

கிழவியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தாள், விடவில்லை. சீனர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. எதற்கு என்று தெரியாமலே தமிழர்கள் பக்கமும் எழுந்து தட்டியது. டத்தோ மைக்கைப் பிடுங்கி, "கூப்பிட்டுட்டாங்க, அம்மான்னு கூப்பிட்டுட்டாங்க" என்று அழுதான். நிஜமாகவே அழுதான், அது வேறு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வரும்போது லோ தன் காடியை ஓட்டிக்கொண்டே சொன்ன பிறகுதான் புரிந்தது. இங்குள்ள கண்டோனீஸ்காரர்களின் பேச்சில் 'ஆ மா' என்றால் அம்மாவாம்.

ஆகஸ்டு 31, ஞாயிறு

நான் சொன்னது ஆமா. தமிழ் ஆமா.

செப்டம்பர் 2, செவ்வாய்

கழகத்தின் முகநூலில் காணொளி போட்டுவிட்டார்கள். 'அம்மா என்றழைத்தார் அமிர்தம்.' நான் அதைப் பார்க்கவில்லை. இரண்டாவது நிமிடத்தில் மைக் கரகரக்கிறது, அதற்குப் பிறகு கிழவியின் முகம் சரியாகத் தெரியவில்லை, டத்தோவின் முதுகு மறைக்கிறது.

மாலையில் அண்ணன் தெலுக் இந்தானிலிருந்து கூப்பிட்டார்.

"பாத்தேன் தங்கச்சி" என்றார். "நம்ம அம்மா செத்து இருபத்தேழு வருசம் ஆச்சு. அது இருந்து இதைப் பாக்கல, அதுவரைக்கும் நல்லதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அண்ணே, நான் கூப்பிடலண்ணே. கேட்டதுக்கு ஆமான்னேன்."

"ஊரே பாத்துச்சு" என்று வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. நான்கு முறை அழைத்தேன்.

அண்ணனுக்கு எழுபது வயது. என்னை முதுகில் கட்டிக்கொண்டு ரப்பர் பால் பிடிக்கும் மங்கு கழுவியவர். பள்ளிக்கூடத்தில் 'சீனத்தி' என்று கேலி செய்தவனின் பல்லை உடைத்தவர். அவர் வாயால் எனக்கு இது. டத்தோ மட்டும் இப்போது எதிரில் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

செப்டம்பர் 6, சனி

வகுப்பை முடித்துக்கொண்டு டத்தோவின் அறைக்குப் போனேன். அந்தக் காணொளியை நீக்க வேண்டும், அல்லது அது தமிழ்ச் சொல் என்று கீழே எழுத வேண்டும் என்றேன்.

"டீச்சர், நாலு லட்சம் பேர் பாத்துட்டாங்க. அதுல போயி இது யெஸ்ஸுங்கற ஆமான்னு எழுதச் சொல்றீங்களே."

"நடந்தது அதுதான டத்தோ."

"ஒரு எழுத்துதான வித்தியாசம்."

இருபத்தொன்பது வருடம் ஓர் எழுத்துக்காகப் பிள்ளைகளின் காதைத் திருகியவள் நான். என்னிடம் போய்ச் சொல்கிறான். அதற்கும் மேலே ஒன்று சொன்னான். அடுத்த மாதம் நிலாப் பண்டிகையாம், விளக்கு ஊர்வலமாம், அந்த மேடையில் நானும் கிழவியும் மறுபடியும் நிற்க வேண்டுமாம். "அந்த வார்த்தைய இன்னொரு தடவை சொன்னீங்கன்னா போதும்."

மேசைமேல் இருந்த பீங்கான் டிராகனை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஆள் பயந்துவிட்டான், அந்த மட்டும் திருப்தி.

செப்டம்பர் 10, புதன்

ஆ செங் ஒரு கூடை பொமிலோ பழம் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். மணியடிக்கவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தேன். ஒன்று மட்டும் அடிபட்டிருந்தது, அதை யாருக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். இனிப்பாக இருந்தது.

அண்ணன் இன்றும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

முடிவு செய்துவிட்டேன். டத்தோ திருத்த மாட்டான். நானே போய்க் கிழவியிடம் நேரில் சொல்லிவிடுவது, நான் உன்னை அம்மா என்று கூப்பிடவில்லை, அது தமிழ் என்று. லோ உடன் வந்து மொழிபெயர்க்க வேண்டும். அவர் சாட்சியாக அண்ணனிடமும் சொல்ல வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் லோவின் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஆணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்திவிட்டார்.

"டீச்சர், அது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அந்த வீட்டுல யாரும் அதை அம்மான்னு கூப்பிட மாட்டான்."

பிறகு விளக்கினார். கிழவிக்கு முதலில் பிறந்த பையன் தவழும் வயதில் இறந்துவிட்டான். கோவிலில் சாமியாடி சொன்னானாம், இவள் ராசி பிள்ளைகளுக்கு ஆகாது, அம்மா என்று கூப்பிடும் பிள்ளை தங்காது என்று. அதற்குப் பிறகு பிறந்த எல்லோரும் அவளை 'ஆ சம்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆ சம் என்றால் சித்தப்பா பெண்டாட்டி, அதாவது சின்னம்மா. விதியை ஏமாற்றுவதற்கு. ஆ செங்குக்கு இப்போது அறுபது வயது, இன்றைக்கும் ஆ சம்தான். பேரப்பிள்ளைகள்கூட வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். புலி வருடத்தில் பிறந்த என்னை ஆ சம் என்று கூப்பிட வைத்தாவது வைத்துக்கொள்ள அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

"எம்பத்தாறு வயசு. மொத மொத கேட்டுச்சு டீச்சர். அதைப் போயி இல்லன்னு சொல்லணுமா?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. டத்தோவுக்கு நல்ல மனசு. கிழவிக்கு ராசி. லோவுக்கு இரக்கம். மூக்காயிக்காகப் பேச இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல காடியக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கிழவியின் வீடு கோப்பெங் போகும் வழியில் உள்ள சீனப் புதுக்கிராமத்தில். பலகை வீடு, வாசலில் சிவப்புச் சாமி மாடம், பக்கத்தில் கீரைப் பாத்தி. ஆ செங் நாற்காலி போட்டுவிட்டு எங்களுக்குக் காப்பி வாங்கக் கடைக்குப் போனார். கிழவி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. லோவைப் பார்த்து, "சொல்லுங்க. அன்னிக்கு நான் சொன்னது தமிழ். யெஸ்ஸுன்னு அர்த்தம். எனக்கு அம்மா ஒருத்திதான், அவங்க செத்துட்டாங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

லோ தொண்டையைச் செருமிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். நான் சொன்னதைவிட நீளம். என்னவெல்லாம் பூசினாரோ. கிழவி கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். தமிழில்.

லோ திடுக்கிட்டதைப் பார்த்தால் அவருக்கும் தெரியாது என்றுதான் தோன்றியது.

"ஆமான்னா ஆமாதான். எனக்குத் தெரியும். நா தோட்டத்துல கீரை வித்தேன். தமிழாளு எல்லாம் என்கிட்டதான் வாங்கும்." உடைந்த தமிழ், ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "தெரியும். ஆனா காதுக்கு நல்லா இருந்துச்சு. அதான் ஒண்ணும் சொல்லல."

"எந்தத் தோட்டத்துல?" என்று கேட்டேன்.

எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். இரண்டாவது டிவிஷன். சைக்கிளில் இரண்டு கூடை.

எனக்கு நினைவு இருக்கிறது. முகத்தை மறைத்துத் துணி கட்டி, மேலே அகலத் தொப்பி போட்ட கீரைக்காரச் சீனத்தி. கீரைக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள், சீக்கிரம் விடமாட்டாள். நான் பிடித்து இழுப்பேன். மந்தமான பொம்பளை என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா, நீங்க யாருன்னு?"

"மூக்காயிக்குத் தெரியும். மொத நாளே தெரியும். அது வெளில வராது. கூடையக் குடுத்து ஒன்னைத்தான் அனுப்பும்."

எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் டத்தோமேல் பட்ட கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று அனுப்பியிருக்கிறாள், ஒருத்தி துணிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். நடுவில் நான் ஒரு கீரைக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு. யாருக்காகப் பேச வந்தேனோ அவளும் என்னிடம் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. "ரெண்டு பேரும் என்னை என்னன்னு நெனச்சீங்க?" என்று கத்திவிட்டேன். அந்த வீதியே கேட்டிருக்கும். லோ எழுந்து வெளியே போய்த் தன் காடியின் டயரைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் அழுது மூக்கைச் சிந்தும்வரை கிழவி கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"கோவமா?"

"ஆமா."

"ரொம்பக் கோவமா?"

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து, "லோ காடிலதான் வந்தியா?" என்றாள்.

"ஆமா."

"வெளில வெய்யிலு அடிக்குதா?"

வெளியே வெயில் அடிப்பது அவளுக்கே தெரிந்தது, வாசல் திறந்துதான் இருந்தது. "ஆமா" என்றேன். சொன்ன பிறகுதான் பிடிபட்டது. வாழ்நாள் முழுக்க வகுப்பில் கேள்வி கேட்டவள் நான், நான்காவது கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. ஆமா என்பதைத் தவிர வேறு பதில் இல்லாத கேள்வியாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் திருட்டுத்தனத்தைப் பார்த்து மறுபடியும் எரிச்சல் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று கைப்பையை எடுத்தேன்.

"நீ டீச்சரா?" என்றாள்.

பதில் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஆய்ந்த கீரையைக் கட்டாகக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். வாங்கினேன். விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

"நாளிக்கு வருவியா?"

நாளைக்கு எனக்குப் பல் மருத்துவரிடம் போகவேண்டும். இரண்டு மாதமாகக் காத்திருந்து கிடைத்த நாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

நிலாப் பண்டிகை மேடைக்கு நான் வரமாட்டேன், அவளும் வரமாட்டாள் என்று டத்தோவுக்குப் போனில் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டான், வைத்துவிட்டேன்.

அண்ணன் காலையில் தானாகவே கூப்பிட்டார். லோ பேசியிருக்கிறார் போல. கீரைக்காரியைப் பற்றிச் சொன்னேன். "அம்மா எங்களை ஒருநாளும் அந்தக் கீரைக்கு அனுப்பினதில்ல தங்கச்சி" என்றார். அழுதார் என்று நினைக்கிறேன். மூக்காயி, கிழவி, டத்தோ, மூன்று பேர்மேலும் எனக்குக் கோபம் அப்படியே இருக்கிறது.

பல் மருத்துவரிடம் போகவில்லை. கோப்பெங் பேருந்தில் ஏறினேன்.